நூறு அடி தள்ளி ஒரு கல்

ஆற்றங்கரை மடத்தில் இருந்த வாகீசனுக்கு ஒரு பெருமை உண்டு. அதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தோள்பையிலிருந்து அந்தப் பச்சை அட்டை நோட்டை எடுக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் அதைச் சொல்லிவிடும்.

முப்பது வருஷம் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் வந்து சேர்ந்து உமையாள் அம்மையிடம் சீடராக இருந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. முதல் நாள் காலில் விழப்போனவரை, "முட்டி வலிக்கும், சும்மா உக்காருங்க" என்று நிறுத்தியவர் அவர்.

மடத்துக்கு எதிரே ஆற்றின் நடுவில் நாணல்திட்டு இருந்தது. முப்பத்தொரு குடிசைகள். மரம் கிடையாது, மேடு கிடையாது. ஆறு கொண்டுவந்து போட்ட மணல்தான் ஊர். வெள்ளம் வந்தால் பத்து நாள் படகு போகாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் தவமணி என்ற பெண்ணுக்கு வலி கண்டது. வெள்ளம் என்றும் பாராமல் படகில் ஏற்றினார்கள். நடு ஆற்றிலேயே குழந்தை பிறந்தது. கரை சேருவதற்குள் இறந்தும் போனது.

செய்தி வந்த அன்று குரு வாகீசனைக் கூப்பிட்டார்.

"திட்டுல இருக்கிற பொம்பளைங்களுக்கு என்ன செய்யலாம்னு பாருங்க."

வாகீசன் பார்த்தார். ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பிரசவ விடுதிகளைப் பார்த்தார், டாக்டர்களிடம் கேட்டார், வரைந்தார், அழித்தார். கடைசியில் ஒரு திட்டம் உருவானது. திட்டிலேயே பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு செங்கல் வீடு. வெள்ள மாதங்களில் ஒரு நர்ஸ் அங்கேயே தங்குவார். நிறைமாதப் பெண்கள் ஐப்பசி பிறந்ததும் வந்து படுத்துக்கொள்ளலாம். யாரும் படகை நம்பி இருக்க வேண்டாம்.

ஆனால் எங்கே கட்டுவது? ஆறு அறுக்காத இடமாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவர் செய்த காரியம்தான் அவருடைய பெருமை.

போன ஆவணியில் ஒரு கருங்கல்லைப் படகில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுபோனார். மடத்து வழக்கப்படி மஞ்சள் பூசி, சூடம் ஏற்றி, கரை விளிம்பிலிருந்து சரியாக நூறு அடி தள்ளி நட்டார். அதன் பிறகு ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் புதன்கிழமை போய், அளவு நாடாவைப் பிடித்து, கரைக்கும் கல்லுக்கும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். ஆறு அறுத்தால் அளவு குறையும். குறைந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

நோட்டில் பதினோரு வரிகள் இருந்தன. ஆவணி, நூறு. புரட்டாசி, நூறு. ஐப்பசி, நூறு. அப்படியே ஆனி வரைக்கும்.

அதைத்தான் அன்று மாலை குருவின் முன் வைத்தார்.

"இடம் கிடைச்சிருச்சும்மா. திங்கக்கிழமை செங்கல் படகேறுது."

குரு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"வெள்ளத்துலயும் நூறா?"

"வெள்ளத்துலயும் நூறுதாம்மா. ரெண்டு விரல் அகலம்கூடக் குறையல."

"ஆறு உங்ககிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்குது."

வாகீசன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு தலை குனிந்தார்.

"இன்னும் நான் என்ன பாக்கணும்னு சொல்லுங்கம்மா. அதையும் பாத்துட்டு ஆரம்பிச்சிடறேன்."

குரு நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"காலையில படகு எத்தனை மணிக்கு?"

காலையில் மூவரும் படகில் போனார்கள். படகுக்காரர் கலியமூர்த்தி திட்டில் பிறந்தவர். கழியை ஊன்றித் தள்ளத் தள்ள, திட்டு மெதுவாகத்தான் நெருங்கியது.

"முன்னல்லாம் ஒரு வெத்தலையை மென்னு முடிக்கிறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருவான்" என்றார் வாகீசன், குருவிடம். "இப்ப வயசாயிருச்சு இவனுக்கு. கழி எழும்ப மாட்டேங்குது."

"எழும்புதுங்க" என்றார் கலியமூர்த்தி. "தரைதான் எட்ட மாட்டேங்குது."

வாகீசன் சிரித்தார். கலியமூர்த்தியும் சிரித்தார். குரு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

திட்டில் இறங்கியதும் அஞ்சலை எதிரே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். அந்த முப்பத்தொரு வீட்டிலும் நல்லது கெட்டது எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் நடக்கும். கையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர்.

"வாங்கம்மா. பெரியவரு மாசா மாசம் வர்றாரு. எங்க தண்ணியைத் தொட மாட்டாரு, கையிலயே பாட்டில். நீங்களாச்சும் குடிங்க."

குரு வாங்கி மடமடவென்று குடித்தார்.

"இனிப்பா இருக்கே."

"ஊத்து புதுசும்மா. போன வாரம் தோண்டுனது."

அஞ்சலைக்குப் பின்னால் தவமணி நின்றாள். ஐந்து மாத வயிறு மேடாகத் தெரிந்தது. வாகீசனைப் பார்த்ததும் அவள் முகம் லேசாக மலர்ந்தது. சித்திரையில் அவர் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது, எல்லாரும் கட்டிலைப் பற்றிக் கேட்டார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கதவு இருக்குமாங்க? உள்ளாற தாழ்ப்பா போடுற கதவு?" படகில் திறந்த வானத்தின் கீழே, கழி பிடித்த ஆண்களுக்கு நடுவே பிள்ளை பெற்றவள். அன்றிரவே வாகீசன் வரைபடத்தில் அந்தக் கதவின் கோட்டை மையால் இன்னொரு முறை அழுத்தி வரைந்தார்.

"திங்கக்கிழமை செங்கல் வருது, தெரியும்ல?" என்றார் இப்போது.

"தெரியுங்க. கலியண்ணன் சொன்னாரு."

கல் வழக்கமான இடத்தில் நின்றது. இடப்பக்கம் அம்மன் கொட்டகை. பின்னால் அஞ்சலையின் குடிசை. அதற்கும் பின்னால் தவமணியின் குடிசை. ஆவணியில் எப்படி இருந்ததோ அப்படியே. வாகீசன் பையிலிருந்து நாடாவை எடுத்தார். குரு கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

அவர் கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குந்தி உட்கார்ந்து, அதன் அடியில் விரலை விட்டார். மணல் எளிதாக இடம் கொடுத்தது. மணிக்கட்டு வரை உள்ளே போனது. சுற்றிலும் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை.

கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஊற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்ன அதே குரலில் அஞ்சலையிடம் கேட்டார்.

"இந்தக் கல்லைத் தூக்க எத்தனை ஆள் வேணும்?"

"நாலு பேரு போதும்மா" என்றாள் அஞ்சலை. "மழை நாள்னா ஆறு. எங்க வீட்டுக்காரரு ஒரு பக்கம் புடிச்சா ஏழு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலியமூர்த்திதான் அதிகம் சிரித்தார்.

வாகீசனும் பாதி சிரித்துவிட்டார். பிறகுதான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. உதட்டில் தொடங்கிய சிரிப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னதுங்க?"

"நாலு பேருன்னு."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"தூக்குறவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"கல்லைத் தூக்கினீங்களா?"

"ஐப்பசியில மூணு தடவை. காத்திகையில ரெண்டு. மார்கழியில ஒண்ணு." விரலை மடக்கினாள். "போன வாரம் மேல அணையைத் தொறந்துட்டாங்கள்ல, அப்ப ஒண்ணு. ஏழு."

கரைப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மாட்டு வண்டி அளவு மண் பெயர்ந்து தண்ணீரில் விழுந்திருந்தது. வாகீசன் துள்ளி ஓரடி பின்னால் போனார். திட்டுக்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு தூக்கச் சொன்னது?" என்றார் வாகீசன்.

"யாரு சொல்லணும்? கரை வந்துச்சு, தூக்குனோம். அம்மனைத் தூக்குறோம். குடிசையைப் பிரிச்சு நட்டுக்குறோம். ஊத்து போயிருச்சுன்னா வேற தோண்டிக்கிறோம். எங்க போனாலும் அம்மனுக்கு வலது கைப்பக்கம் என் வீடு, எனக்குப் பின்னால இவ வீடு. அது மாறாது. கல்லும் அதோட சேத்தி. நீங்க சூடம் ஏத்தி நட்ட கல்லு. அதை ஆத்துல விட்டுட்டு நாங்க மட்டும் தள்ளிப் போயிட்டா நல்லாருக்குமா?"

"நூறு அடி... எப்பவும் நூறு அடி இருந்துச்சே."

இப்போது அஞ்சலைக்கு உற்சாகம் வந்துவிட்டது. குடிசைக்குள் போய் ஒரு தேங்காய் நார்க் கயிற்றை எடுத்துவந்தாள். சுருட்டி, நடுவில் கட்டி, பத்திரமாக வைத்திருந்த கயிறு.

"நீங்க நட்ட அன்னைக்கே நாடா நீளத்துக்கு வெட்டி வச்சுட்டோம். நீங்க வர்றதுக்கு முந்தின நாள் புடிச்சுப் பாத்துருவோம். பெரியவரு நாடாவைப் புடிக்கிறப்ப ஒரு சாண் குறைஞ்சா எங்களுக்குத்தானே அசிங்கம்? தையில ஒரு முழம் குறைஞ்சுது. ஆளுங்க விட்டுரலாம்னாங்க. இவதான் விடல." தவமணியைத் தோளில் தட்டினாள். "அவரு நம்மளை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு, தோண்டி நடுங்கன்னுட்டா. அதைத் தூக்குற கணக்குல சேக்கல. சும்மா நகத்துனதுதானே."

தவமணி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாகீசன் கல்லின் மேல் கையை ஊன்றினார். பிறகு சுட்டுவிட்டது போல எடுத்துக்கொண்டார்.

"முதல்ல நட்ட இடம் எங்க?"

எல்லாரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பினார்கள்.

கலியமூர்த்தி கழியை நீட்டினார். "அந்தா, தண்ணி சுழிக்குது பாருங்க, அதுக்கு இந்தாண்ட. இந்தக் கயித்துக்கு நாலு கயிறு தூரம். காலையில அதும் மேலதான் வந்தோம்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"ஆறு அகலமாயிருச்சுன்னு நான் சொன்னா, சோம்பேறி சாக்குச் சொல்றான்னு நினைப்பீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நீங்கதானே அளக்குறவரு."

"நீங்க யாரும் சொல்லலையே. பதினோரு மாசம். ஒருத்தர்கூட."

"என்னத்தைச் சொல்றது?" என்றாள் அஞ்சலை. அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே யோசித்தாள். "காலையில எந்திரிச்சு அடுப்பு மூட்டுனோம்னு யாராச்சும் சொல்வாங்களா? நீங்க கல்லு எங்க நடலாம்னு கேட்டீங்க. காட்டுனோம். அன்னைக்கு அது நல்ல இடந்தான்."

வாகீசன் கரையைப் பார்த்தார். பிறகு தான் நிற்கும் மண்ணைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கற்களை நம்பி அவர் கோடு கிழித்திருக்கிறார். ஐப்பசியில் மூன்று முறை என்றாளே. ஒரே மாதத்தில் மூன்று முறை. கட்டிலில் பன்னிரண்டு பேர். எழுந்து ஓட முடியாதவர்கள். செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு. வெளியே படகு இல்லாத வெள்ளம். எந்த நாளில் அடித்தளம் பிளந்திருக்கும் என்று அவரால் கணக்குப் போட முடிந்தது. அவர் மனம் அதைத் தானாகவே போட்டது. ஐப்பசி பத்தாம் தேதிக்குமேல் அந்த வீடு இருந்திருக்காது.

குடிசைகளாக இருந்தால் பிரித்துத் தூக்கியிருப்பார்கள். அவர் கட்டுவதைத் தூக்க முடியாது. அதில்தான் அவருக்குப் பெருமை.

அவர் மெல்ல உட்கார்ந்தார். 

"பெரியவருக்கு என்னமோ பண்ணுது" என்றாள் அஞ்சலை. "வெயிலு. தண்ணி குடிங்க. கல்லைப் பத்திக் கவலைப்படாதீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு ஓரம்கூடச் செதறாமத்தான் வச்சிருக்கோம்."

அவர் செம்பை வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

குரு அஞ்சலையின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளத்துல கரை வேகமா வருதுன்னா, மொதல்ல எதைத் தூக்குவீங்க?"

"அம்மனை. அப்புறம் மாசமா இருக்கிறவளை. அப்புறம் வெதை நெல்லு. ஆடு தானா நடந்து வந்துரும்."

"எங்க கொண்டுபோவீங்க?"

"கோரைப்புல்லு பாத்துத்தான். தெக்கால கோரை அடர்த்தியா வந்திருச்சுன்னா அந்த மண்ணு மூணு வருஷம் நிக்கும். இந்த வருஷம் பரவாயில்ல, நல்லா புடிச்சிருக்கு."

"மாசமா இருக்கிறவளை எப்படித் தூக்குவீங்க?"

"கட்டிலோட. எல்லார் வீட்டுலயும் கட்டில் கிடையாது. கலியன் வீட்டுக் கட்டில்தான், ஊருக்கே அது ஒண்ணுதான்." அஞ்சலை தவமணியைக் காட்டினாள். "இவளையும் அன்னைக்கு அப்படித்தான் படகு வரைக்கும் கொண்டாந்தோம். இந்தக் கரையிலயே ஒரு நர்ஸம்மா நின்னிருந்தா போதும், படகுல ஏத்தியே இருக்க மாட்டோம்."

வாகீசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் எழுதிய எந்தத் தாளிலும் அந்தக் கட்டில் இல்லை. கோரை இல்லை. அஞ்சலையின் பெயரே இல்லை.

கூட்டம் மெல்லக் கலைந்தது. ஒருத்தி ஆட்டைத் தேடிப் போனாள். கலியமூர்த்தி படகில் ஊறிய தண்ணீரை இறைக்கப் போனார். தவமணி மட்டும் போகவில்லை. பேசியதிலிருந்து எதையோ புரிந்துகொண்டுவிட்டாள் போல. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே வாகீசனின் எதிரே வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை செங்கல் வராதுங்களா?"

வாகீசனின் கை பையிலிருந்த வரைபடத்தின் மேல் போய் நின்றது. 

"பரவால்லைங்க" என்றாள் அவள். அவரைத் தேற்றுவதுபோலச் சொன்னாள். பிறகு வேகமாகத் திரும்பித் தன் குடிசைக்குள் போய்விட்டாள். அந்தக் குடிசைக்குக் கதவு இல்லை. வாசலில் ஒரு சாக்கு தொங்கியது. அவள் உள்ளே போன பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது.

வாகீசன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வரைபடத்தை எடுத்தார். இரண்டையும் குருவின் காலடியில், மணலில் வைத்தார்.

"என்னை இதுலேர்ந்து விட்டுருங்கம்மா."

குரு வரைபடத்தில் ஏறிய மணலைத் தட்டிவிட்டார்.

"பன்னெண்டு பேரை நானே கூட்டிக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சிருப்பேன். பூட்டிக்கச் சொல்லியிருப்பேன். நல்லது பண்றேன்னு நினைச்சுக்கிட்டே. இந்தக் கையை வச்சு நான் இனிமே ஒரு கோடுகூடப் போடக் கூடாது. சமையல்கட்டுல விடுங்க. காய் நறுக்குறேன். பாத்திரம் கழுவுறேன். இதை வேற யாராவது பாக்கட்டும். நான் பண்ணினது என்னன்னு நான் உக்காந்து யோசிக்கணும். எனக்குக் கொஞ்ச காலம் வேணும்."

கரையில் இன்னொரு துண்டு மண் விழுந்தது. இந்த முறை அவர் துள்ளவில்லை.

குரு ஆடும் சாக்கைப் பார்த்தார். அது நிற்கும்வரை பார்த்தார். பிறகு வாகீசனிடம் திரும்பினார்.

"அவளுக்கு ஐப்பசியில பிரசவம். உங்க வருத்தம் முடிய எத்தனை மாசம் ஆகும்?"